மரகதம் சாமான் இல்லை

மாட்டுக்கு ஊசி போடுவதற்கு முன்னால் அதன் பேரைக் கேட்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். கல்வராயன் மலைமேல் ஒரு கால்நடை மருந்தகத்தில் ஆய்வாளராக இருந்தார். "பேரா? மாடுதாங்க" என்று மாட்டுக்காரர் சொன்னால் இவருக்கு முகம் சுருங்கிவிடும். "மாடுன்னா எல்லாம்தான் மாடு. இது எந்த மாடு?" என்பார். பேர் இல்லாத மாட்டுக்கு அங்கேயே நின்று ஒரு பேரை வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். இத்தனை பேருக்குப் பேர் வைத்தவரின் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் பண்ணி, "கழுதை பேரை மட்டும் போட்டா பத்தாதா டீச்சர்?" என்று கேட்பார். எனக்கு அந்த வம்பு வேண்டாம்.

கழுதை என்றேன் இல்லையா, அதைச் சொல்லிவிடுகிறேன். நிஜக் கழுதை இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் வேலை பார்த்தபோது எனக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதை நடத்துவார். காடு, கோட்டை, கொள்ளைக்காரன் எல்லாம் அவர் வாயிலிருந்து வரும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். "என் ஆள் கதவை உடைக்கிறான்" என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள கட்டையை உருட்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். எதற்கு எவ்வளவு விழ வேண்டும் என்று சொல்ல தலையணை கனத்துக்கு ஒரு விதிப் புத்தகம் உண்டு. வெளிநாட்டுக் கம்பெனி போட்டது. கள்ளக்குறிச்சிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, இங்கே ஒரு கல்லூரியில் கணக்குப்பதிவியல் எடுக்கத் தொடங்கிய பிறகும் பைத்தியம் தெளியவில்லை. ஆள் சேர்த்தேன். கதையாட்டம் என்று நாங்களே பேர் வைத்துக்கொண்டோம்.

சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஸ்டெல்லா வங்கியில் வேலை பார்ப்பவள்; கதையில் அவள் மந்திரக்காரி. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே வருவாள். குமரேசன் வடக்கனந்தலில் கரும்பு போட்டிருப்பவன். கதையில் கோடாரி வீரன். எந்தப் பிரச்சினைக்கும் கோடாரிதான் அவனுக்குத் தீர்வு. அவனுடைய மச்சானின் உரக்கடை மாடியில்தான் ஆட்டம். யூரியா வாடைக்கு நடுவில், ஒரு கால் குட்டையான மேசையில் ஆடினோம்.

இவர் அந்தக் கடைக்கு மாட்டுக்குத் தாது உப்பு வாங்க வந்தவர். மேலே, "வெட்றேன்க்கா, அவன் தலைய எடுக்கறேன்" என்று குமரேசன் கத்தியதைக் கேட்டு, ஏதோ அடிதடி, விலக்கிவிடலாம் என்று படியேறி வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்த நாற்காலி அவருடையதாகிவிட்டது.

முதல் நாள் பாத்திரம் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வாள் வேண்டுமா, வில் வேண்டுமா, மந்திரம் வேண்டுமா என்று அடுக்கினேன்.

"கதையில மலை ஏறணுங்களா?" என்றார்.

"ஏறணும் சார்."

"மூட்டை முடிச்சுல்லாம் இருக்குங்களா?"

"இருக்கு."

"அப்ப ஒரு கழுதை வேணும்."

அப்போது எங்களிடம் இருந்த விதிப் புத்தகத்தில் 'உடன் வரும் உயிர்கள்' என்று ஒரு அத்தியாயம் உண்டு. நாய், பருந்து, குதிரைக்குக் கீழே கழுதையும் இருந்தது. எடுத்துக்கொண்டார். நெடுநேரம் யோசித்து மரகதம் என்று பேர் வைத்தார். உங்கள் ஆளுக்குப் பேர் என்ன சார் என்றால், "அவன் மரகதத்துக்கு உடன் வர்றவன். அப்படியே போட்டுக்குங்க" என்றார். கடைசிவரை அந்த ஆளுக்குப் பேர் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டம் தொடங்கும்போது, நான் வாயைத் திறப்பதற்கு முன் ஒரு வாக்கியம் சொல்வார். "மரகதம் கயிறு என் இடுப்புல." சில பேர் பிள்ளையார் சுழி போடுவது மாதிரி. "இருக்குது சார், இருக்குது. யார் அவுக்கப் போறா?" என்று குமரேசன் சலித்துக்கொள்வான்.

அவன் சலிப்பிலும் நியாயம் உண்டு. புலி வருகிற காட்டில் கழுதையை முன்னால் அனுப்பிப் பார்க்கலாம் என்று அவன் ஒரு யோசனை சொன்னான். இவர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க மச்சானை அனுப்பலாமே" என்றார். மச்சான் கதையிலேயே இல்லை. கீழே மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தார். மாட்டுப் பொங்கலை ஒட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை இவர் தூக்குப் பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலோடு வந்து இறங்கினார். மரகதத்துக்காம். பொங்கலை நாங்கள்தான் தின்றோம். ஆனால் கதைக்குள் அன்றைக்குக் கழுதைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். எதிரி மலை உச்சியில் வில்லோடு நிற்கிறான், நாங்கள் அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டிருக்கிறோம்.

"அக்கா, எதிரி குறி பாத்துக்கினு இருக்கான், இவரு கழுதைக்கு லீவு கேக்கிறாரு" என்றான் குமரேசன்.

"எதிரி வூட்டுலயும் மாடு கன்னு இருக்கும் தம்பி. அவனும் இன்னிக்கி சும்மாதான் இருப்பான்" என்றார் இவர்.

எதிரி அன்றைக்கு அம்பு விடவில்லை.

இதெல்லாம் விளையாட்டுக்காகச் செய்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன், வெள்ளிமலைக்கு ஒருமுறை பஸ்ஸில் போகும்வரை. கல்லூரி முகாமுக்காகப் போனேன். அதே பஸ்ஸில் அவரும் இருந்தார். மலையடிவாரத்தில் ஒரு அம்மா ஆட்டுக்குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினார். கண்டக்டர் வழக்கம்போல் குட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். இவர் எழுந்துவிட்டார்.

"மூட்டையாங்க அது? மூச்சு வுடுது பாருங்க."

"சார், ஆட்டுக்கு லக்கேஜ்தான்."

"லக்கேஜ்னா மேல கூரையில போட்டுக் கட்டுவீங்களா?"

கண்டக்டருக்கு வெறுத்துவிட்டது. "அப்ப ஆள் டிக்கெட் எடுங்க சார், எனக்கின்னா" என்றார். எடுத்தார். அதோடு விட்டாரா? டிக்கெட் எடுத்தாயிற்று, சீட் எங்கே என்று கேட்டு, தன்னுடைய ஜன்னலோர இடத்தில் குட்டியை உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பும்போதெல்லாம் அது வெளியே வேடிக்கை பார்த்தது. நான் தெரியாத ஆள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "டீச்சர், குட்டி பேரு செவந்தி" என்று அங்கிருந்தே எனக்குச் சொன்னார்.

புதுசு என்றால் ஆகாத மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது முதல் ஆளாக ரப்பர் ஸ்டாம்ப்பை மாற்றிக்கொண்டவர் அவர். புது போன் வந்தால் அவர் கையில்தான் முதலில் இருக்கும். அதனால், விதிப் புத்தகத்தின் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது, வாங்கியாயிற்று என்று ஸ்டெல்லா சொன்னபோது, எங்களில் அதிகம் சந்தோஷப்பட்டதும் அவர்தான்.

ஸ்டெல்லா அதற்குப் பிளாஸ்டிக் அட்டை போட்டு, கலர் கலராகத் தாள் ஒட்டி, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி கொண்டுவந்தாள். எனக்கு முதல் பக்கத்திலேயே எரிச்சல். பழைய புத்தகத்தில் எது எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இதில் எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்திருந்தார்கள், மாமியார் ஊருக்குப் போன சமயம் பார்த்து அடுக்களையை ஒழுங்கு பண்ணின மருமகள் மாதிரி. குமரேசன் கோடாரிப் பக்கத்தைத் திருப்பினான். கோடாரியின் வலு கம்மியாகியிருந்தது. "இன்னாக்கா இது, இதுக்கு நான் கரும்பு வெட்ற கத்தியே எடுத்துக்குவேன்" என்று குதித்தான். அடுத்த பக்கத்தில் கொம்பு வைத்த இரும்புத் தொப்பி ஒன்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். அவ்வளவுதான், அவனுக்குப் புதுப் பதிப்பு பிடித்துப்போய்விட்டது.

இவர் 'உடன் வரும் உயிர்கள்' அத்தியாயத்தை விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். நாய் இருந்தது. பருந்து இருந்தது. குதிரை இருந்தது. கழுதை இல்லை.

"ஸ்டெல்லாம்மா, ஒரு தாள் கிழிஞ்சிருக்கு போல."

"கிழியல சார். கழுதைய பின்னாடி போட்டுட்டாங்க."

பின்னால் சாமான் பட்டியல். கயிற்றுக்கும் இரும்புச் சட்டிக்கும் நடுவில் இருந்தது கழுதை. பக்கத்தில் எடை, விலை. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"சட்டிக்கு மேல இருக்குது" என்றார். பிறகு, "எடை போட்டிருக்கானே டீச்சர், யாரு தூக்கிப் பாத்தது?" என்றார்.

பட்டியல் மாற்றம் மட்டும் என்றால் விட்டிருப்பார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. ஆபத்து வந்தால் உயிர்களுக்கு ஒரு உருட்டு உண்டு. கட்டை நல்லபடியாக விழுந்தால் பிழைக்கும். சாமானுக்கு அது கிடையாது. விழுந்தால் போயிற்று. "உயிருன்னா ஒரு உருட்டு குடுக்கணும் டீச்சர். செத்தா சாவட்டும். ஒரு உருட்டு குடுக்கணும்" என்றார். அன்றிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஞ்சாயத்து வைத்தோம். பழைய பதிப்பா, புதுப் பதிப்பா?

"புதுசு வந்தா புதுசுதான் சார்" என்றாள் ஸ்டெல்லா. "திருத்தம்னா யோசிச்சுத்தானே பண்ணியிருப்பாங்க?"

"உங்க கோயில்ல புதுப் பாட்டுப் புத்தகம் குடுத்தப்போ நீங்களும் உங்க அம்மாவும் இன்னா பண்ணீங்க?"

விஷயம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாடல்களில் வரிகளை மாற்றிவிட்டார்கள் என்று தாயும் மகளும் பழைய வரிகளையே மற்றவர்களைவிட உரக்கப் பாடி, சாமியார் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது.

"அது வேற சார்" என்றாள் ஸ்டெல்லா.

"எப்படி வேற?"

"அது சின்ன வயசுலேர்ந்து பாடறது."

"மரகதமும் அப்படித்தாம்மா."

வாக்கெடுப்பில் அவர் தோற்றார். இரண்டு புத்தகத்தையும் வைத்துக்கொண்டு என்னால் மாரடிக்க முடியாது என்று நானும் புதுசுக்கே கை தூக்கினேன். அவர் சண்டை போடவில்லை. "நாலு பேர் சொன்னா சரி" என்றார். படியிறங்கும்போதுதான் நின்று சொன்னார்: "ஆனா மரகதம் போச்சுன்னா நான் ஞாயித்துக்கெழம எறங்கி வரமாட்டேன் டீச்சர். கோவமெல்லாம் இல்ல. எதுக்கு வரணும்னு தெரியாம பூடும், அதான்."

அவர் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் பயிற்சிக்குப் போயிருந்த ஒரு வாரம் நாங்கள் மூன்று பேரும் ஆடினோம். குமரேசன் எல்லோரையும் வெட்டிவிட்டான். கதை டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. கம்பெனிக்கு மனு எழுதினார். இங்கிலீஷில் போட்டுக் கொடுங்கள் என்று என்னிடம் அனுப்பினார். "ஐயா, பொருள்: கழுதையைச் சாமான் பட்டியலிலிருந்து நீக்கி உயிர்கள் பட்டியலில் சேர்க்கக் கோருதல் – சார்பாக." பார்வை, இணைப்பு எல்லாம் முறையாக இருந்தது. இணைப்பு என்று ஒரு நிஜக் கழுதையின் படம். எங்கே பிடித்தாரோ. கடைசியில் நான் 'கழுதையின் உரிமையாளர்' என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நான் ஓனர் இல்ல டீச்சர். உடன் வர்றவன்னு போடுங்க" என்று மாற்றச் சொன்னார். உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்று கம்பெனியின் இயந்திரம் அந்த நிமிடமே பதில் அனுப்பியது. "மனு சேந்துடுச்சி" என்று எல்லோருக்கும் காட்டினார்.

என் தலையெழுத்து, பாலம் வந்தது. புதுப் பதிப்பு வருவதற்கு முன்பே நான் எழுதி வைத்திருந்த கதை அது. பள்ளத்தாக்கு, அதன் மேல் கயிற்றுப் பாலம். ஸ்டெல்லாவும் குமரேசனும் கடந்துவிட்டார்கள். மரகதம் பாலத்தின் நடுவில் இருக்கிறது. பின்னால் கரையில் இவர். பாலம் தாங்குகிறதா என்று கட்டை உருட்ட வேண்டும். குமரேசன் உருட்டினான். ஒன்று விழுந்தது. மாற்றிச் சொல்லலாம் என்றால் ஸ்டெல்லா அந்தப் பக்கத்தை மனப்பாடமாக வைத்திருக்கிறாள்.

"பாலம் அறுந்துடுச்சு சார்" என்றேன்.

கீழே உரக்கடையில் யாரோ பொட்டாஷ் விலை கேட்டார்கள்.

"மரகதத்துக்கு உருட்டு உண்டா?"

"சாமானுக்கு இல்ல சார்." சொல்லும்போது எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஸ்டெல்லா குனிந்து புத்தகத்தின் மூலையைத் தடவிக்கொண்டிருந்தாள். குமரேசன், "அக்கா, இந்த ஒரு தடவை," என்று இழுத்தான்.

"வேணாம் தம்பி. பஞ்சாயத்து பண்ணது பண்ணதுதான்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, "கயிறு எங்க இருக்குது டீச்சர்?" என்றார்.

"எந்தக் கயிறு?"

"மரகதம் கயிறு."

அன்று காலையும் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வாரமும் சொன்னதால் நான் காதில் வாங்குவதையே விட்டிருந்தேன். "இடுப்புல" என்றேன்.

"அப்ப நானும் வுழறேன். எனக்கு உருட்டு உண்டு இல்லீங்களா? ஸ்டெல்லாம்மா, சாமான் பக்கம் அடியில ஒண்ணு எழுதியிருக்கான், படிங்க."

ஸ்டெல்லா படித்தாள். விழுந்தவர் பிழைத்தால், அவர் உடம்போடு கட்டியிருக்கும் சாமானும் பிழைக்கும்.

"ஆனா சார், உங்களுக்குக் கட்டை சரியா விழலன்னா உங்க ஆளும் போயிடுவார்" என்றேன். "கயித்தை வெட்டி வுட்டுட்டா நீங்க தப்பிச்சுக்கலாம். அதுக்கும் விதி இருக்கு."

"தெரியும்" என்று கட்டையை எடுத்தார். பதினைந்துக்கு மேல் விழ வேண்டும். உள்ளங்கையில் வைத்து ஏதோ முணுமுணுத்தார். உருட்டினார். குட்டைக் கால் மேசை ஆடியதில் கட்டை விளிம்புவரை ஓடி, ஸ்டெல்லாவின் புதுப் புத்தகத்தில் முட்டி நின்றது. பதினேழு.

குமரேசன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவர் பிடியிலிருந்து விலகி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, "சாமான் பத்திரமா இருக்குதுங்களா?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டார்.

"இருக்குது சார்" என்றாள் ஸ்டெல்லா. அவள் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். "காதை ஆட்டுது."

மாற்றல் உத்தரவு கோடை முடியும்போது வந்தது. ராமநாதபுரம் பக்கம். மலையிலிருந்து பலாப்பழம் ஒன்றைச் சுமந்துகொண்டு கடைசி ஞாயிற்றுக்கு வந்தார். பழைய விதிப்படி ஆட்டக்காரர் போனால் உடன் வரும் உயிரும் கதையை விட்டுப் போய்விடும். அவரோடு மரகதமும் போகும், அவ்வளவுதான் என்று நான் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். அவர் புதுப் புத்தகத்தைத் திறந்தார்.

"சாமான்னா இன்னொருத்தருக்குக் குடுத்துட்டுப் போலாம்னு போட்டிருக்கான்" என்றார். "இந்தப் புத்தகத்துல உருப்படியா ஒண்ணு இருக்குது."

ஸ்டெல்லா கை நீட்டினாள். அவர் குமரேசனிடம் கொடுத்தார், புலிக்கு முன்னால் அனுப்பலாம் என்றவனிடம். உப்பு வை, ஈரத்தில் கட்டாதே, பேரைச் சொல்லிக் கூப்பிடு என்று வரிசையாகச் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் சரி சார், சரி சார் என்று தலையாட்டினான். அவனுடைய கல்யாணத்தில்கூட அவன் அவ்வளவு பணிவாக நின்று நான் பார்த்ததில்லை.

பிறகு கம்பெனியிலிருந்து ஒரு திருத்தத் தாள் வந்தது. விளையாடுபவர்களின் கோரிக்கையை ஏற்று இன்னின்ன மாற்றங்கள் என்று ஒரு பட்டியல். நடுவில் ஒரு வரி: கழுதை மீண்டும் உயிர்கள் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. உலகத்தில் இன்னும் எத்தனை பேர் கழுதைக்காக மனுப் போட்டார்களோ. நான் சந்தோஷமாக வாசித்தேன். ஸ்டெல்லாதான் முதலில் முகம் மாறினாள்.

"அப்ப மரகதம் நம்மகிட்ட இருக்கக் கூடாது டீச்சர். அவர்கூடப் போயிடணும்."

குமரேசன் இடுப்பில் கை வைத்தான், நிஜமாகவே அங்கே கயிறு இருப்பது மாதிரி. "நான் குடுக்க மாட்டேன்" என்றான்.

போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் பின்னால் ஒரு மாடு மிரண்டு கத்தியது. "பாத்தீங்களா, நம்ம மனு வேலை செஞ்சிடுச்சி. நான் அன்னிக்கே சொன்னேன்." பிறகு அவருக்கும் உறைத்திருக்க வேண்டும்.

"இப்ப அது எங்கூட வரணுமா டீச்சர்?"

"விதிப்படி ஆமா சார்."

"இங்க கதையாட யாரு இருக்காங்க? ஒண்டியா வந்து இன்னா பண்ணும்?" என்றார். "ஸ்டெல்லாம்மாகிட்ட சொல்லுங்க, அந்தத் தாளை ஒட்ட வேணாம்னு. நான் இன்னொரு மனு அனுப்பறேன், இங்கிலீஷ்ல போட்டுக் குடுங்க."

மறுநாள் வாட்ஸப்பில் வந்தது. "ஐயா, பொருள்: கழுதையைச் சாமானாகவே தொடர்ந்து வைத்திருக்கக் கோருதல் – சார்பாக." இந்த முறை இணைப்பு ஏதும் இல்லை. கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன். இப்படிக்கு, மரகதத்தின் முன்னாள் உரிமையாளர். அவரே எழுதியிருந்தார். கொடுத்துவிட்டுப் போகிற உரிமை ஓனருக்குத்தான் உண்டு என்று தெரிந்துதான் எழுதியிருப்பார்.

மனுவை நான் கம்பெனிக்கு அனுப்பவில்லை. அவசியம் வரவில்லை. ஸ்டெல்லா திருத்தத் தாளை எட்டாக மடித்து மேசையின் குட்டைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டாள். இப்போது மேசை ஆடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கதையைத் தொடங்க வாயைத் திறப்பேன். அதற்குள் குமரேசன் கையைத் தூக்குவான்.

"அக்கா, ஒரு நிமிசம். மரகதம் கயிறு என் இடுப்புல."